பதிவேட்டில் இருப்பவர் ஊடுருவியவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லை ஊடுருவல் பற்றி, ஆவணம் இல்லாமல் வந்தவர் எல்லாரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்று சொல்லி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் புழல் காவாங்கரையில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து என்னிடம் கணக்கு டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த பெண் இன்ஜினீயரிங் முடித்து, கேம்பஸ் இன்டர்வியூவிலும் தேறினாள். கம்பெனி பாஸ்போர்ட் கேட்டது; குடியுரிமை இல்லாத அகதியின் மகளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? அத்தோடு சரி. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். பிறந்தது ராயபுரத்தில், இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை.

கடலோரக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தங்கமும் போதைப்பொருளும் வருகிற கடல் அது, காவல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் ஒளிந்து வந்தவர்கள் இல்லை. ராமேசுவரத்துக்கு அருகில் உள்ள மண்டபம் முகாமில் விசாரித்து, பெயர் எழுதி, முகாமுக்கு அனுப்பியதே அரசுதான். இன்றைக்கும் தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் ஆள் எண்ணிப் பார்க்கிறது, அரசு மாதாமாதம் பணக்கொடை கொடுக்கிறது. இவர்களுக்கா ஊடுருவல்காரர் என்று பெயர்?

சிக்கல் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பே போதும். அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் 1986-இல் பிறந்த அக்கா இந்தியர், 1988-இல் பிறந்த தம்பி அயல்நாட்டவர்! சரி, விண்ணப்பித்து வாங்கலாமே என்றால், 2003 திருத்தம் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்களை 'சட்டவிரோதக் குடியேறி' என்று சொல்லி அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. குண்டுக்குத் தப்பிப் படகேறுகிறவன் விசா வாங்கிக்கொண்டா வருவான்? அந்தத் தடையிலிருந்து சிலருக்கு விலக்கு தந்த 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. இலங்கை அதில் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. ஆக, அரசுக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. ஆனால் தண்டனைதான் போனது, குடியுரிமைக்கு வழி பிறக்கவில்லை.

பதிவேட்டில் உள்ளவர்களை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்தே நீக்கும் திருத்தத்தை நம் 39 எம்.பி.க்களும் மக்களவையில் கட்சி பாராமல் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
செங்குன்றம், சென்னை.