அடிக்கு முன்னர் காரணத்தைத் தேடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

விசேட தேவையுடைய பிள்ளைகள் கத்துவதையும் அடிப்பதையும் பொருள்களை எறிவதையும் சிறு வயதிலேயே பயம் காட்டி அடக்காவிட்டால் பின்னர் எவராலும் அடக்க முடியாது என்று தோட்டப்புற வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையின் கடிதப் பகுதியில் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். தம்மைவிடப் பலசாலியாக வளர்ந்துவிட்ட மகனை வைத்துக்கொண்டு திண்டாடும் வயது முதிர்ந்த பெற்றோர் மலையகத்தில் பலர் உள்ளனர். ஆயினும் அவர் சொல்லும் வழி அவர்களுடைய சுமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது என்பதை, ஹட்டன் பகுதிப் பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகில் கற்பிப்பவள் என்ற முறையில் எடுத்துக்கூற விரும்புகிறேன்.

நேர்மறை நடத்தை ஆதரவு என்னும் அணுகுமுறை, இயலாமையுடையோரை வலியாலும் அவமானத்தாலும் திருத்த முயன்ற பழைய முறைகளுக்கு மாற்றாக 1980களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. பிள்ளையின் நடத்தை அவனுக்கு ஏதோ ஒரு காரியத்தை முடித்துக் கொடுக்கிறது என்பதே இதன் அடிப்படை. செய்ய முடியாத வேலையிலிருந்து தப்புவதற்காக இருக்கலாம். ஒருவர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம். விரும்பிய பொருளுக்காக இருக்கலாம். உடல் தேடும் ஓர் உணர்வுக்காகவும் இருக்கலாம். எனவே முதலில் செய்ய வேண்டியது, நடத்தைக்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை ஓர் அப்பியாசக் கொப்பியில் அன்றாடம் குறித்து வருவதாகும். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ஆகிய இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, உதவியையோ கவனிப்பையோ முறையாகக் கேட்பதற்குப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் அதே நோக்கத்துக்காக அவன் செய்துவந்த தொல்லைகள் குறைகின்றன என்பதைக் காட்டியது.

எங்கள் அலகுக்கு வந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்குப் பேச்சு வரவில்லை. முன்னர் படித்த இடத்தில், எழுத்து வேலை தொடங்கியதும் சட்டையைக் கிழித்து, பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுவான். அடியும் கொடுத்திருக்கிறார்கள், அடிக்கும் அடங்காதபோது அப்பாயியை அழைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் ரொட்டியும் தேத்தண்ணியும் கிடைக்கும், எழுத்து வேலை இராது. கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பதை அந்தப் பிள்ளைக்குப் பெரியவர்களே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கொப்பியில் குறித்து வந்தபோது, பென்சிலைக் கையில் கொடுத்த சற்று நேரத்தில்தான் அவன் உதட்டைக் கடிக்கத் தொடங்குகிறான், அதற்குப் பிறகே சட்டையில் கை வைக்கிறான் என்பது தெரிந்தது. கை ஒன்றைக் கோட்டோவியமாக வரைந்த ஓர் அட்டையை மேசையில் ஒட்டினோம். அதைத் தொட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் சன்னலோரம் போய் நிற்கலாம். எழுத்து வேலையையும் அவனுக்கு இயன்ற அளவுக்குச் சுருக்கினோம். தொடக்கத்தில் அட்டையை ஓயாமல் தொட்டான், ஒவ்வொரு முறையும் நாங்கள் அவன் கேட்டதைக் கொடுத்தோம். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிய பின்னர் கடிப்பது அரிதாயிற்று, எழுதும் நேரமும் மெல்ல நீண்டது.

காரணம் எப்பொழுதும் வகுப்பறைக்குள் கிடைப்பதில்லை. பேசத் தெரியாத பிள்ளை திடீரெனத் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினால் காதிலோ பல்லிலோ வயிற்றிலோ வலி இருக்கிறதா என்று முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலியால் துடிக்கும் பிள்ளையை அடம்பிடிக்கிறான் என்று அடிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழும் லயத்தில் இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாய் விடியற்காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயாக வேண்டும். பிந்தினால், கொழுந்து குறைந்தால், அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். வாசலைத் தாண்டினால் சரிவும் ஆறும் லொறி ஓடும் பாதையும். இந்தப் பயத்தில்தான் சில வீடுகளில் பிள்ளையின் காலைக் கட்டி வைக்கிறார்கள். அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. கட்டுவதைத் தவிர வேறொரு வழியை அவளுக்கு எவரும் இதுவரை காட்டவில்லை என்பதே என் முறைப்பாடு. லயத்தார் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் விளையாடியே தீருவேன் என்று நிற்கும் ஓர் இளம்பெண்ணைக் கூட்டம் இல்லாத நேரத்தில் வாளியுடன் அனுப்பி, வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் பொறுப்பையே அவளிடம் ஒப்படைத்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டிய தேவை அந்தக் குடும்பத்துக்கு இப்போது இல்லை.

அவுஸ்திரேலியாவில் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் 2018இல் வந்த விதிகள், தனியே அடைத்தல், மருந்தால் அடக்குதல், கருவிகளால் கட்டுதல், உடல் பலத்தால் அமுக்குதல், சூழலைப் பூட்டி மறித்தல் ஆகிய ஐந்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, அவற்றைக் குறைத்து ஒழிப்பதற்கான நடத்தை ஆதரவுத் திட்டத்தைக் கட்டாயமாக்கின. நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் இயலாமையுடையோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தடை மட்டும் வந்தால் போதாது. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியருக்கு அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களில் பணிபுரிவோருக்கும், விசேட கல்வி அலகுகளின் ஆசிரியர்களுக்கும், பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும் இப்பயிற்சி தமிழிலேயே, ஒரு நாள் கருத்தரங்குடன் முடிந்துவிடாமல், தொடர்ந்து வழங்கப்பட வேண்டும். பெற்றோருக்கான வகுப்பை வைத்தால் வேலை நாளில் வைக்காதீர்கள்; ஒரு பேரை இழந்து வரும்படி அவர்களிடம் கேட்பது முறையன்று. தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர்களை மாவட்ட வைத்தியசாலைகளுக்கு நியமிக்கவும் மாகாண, மத்திய அதிகாரிகள் முன்வர வேண்டும்.

தங்கள் பத்திரிகை இதற்கென வாரத்தில் ஒரு சிறு பத்தியை ஒதுக்குமானால், வீட்டில் எதைக் கவனிப்பது, எப்படிக் குறிப்பது, எப்பொழுது வைத்தியரை நாடுவது என்பவற்றைப் பெற்றோருக்கு விளங்கும் தமிழில் எழுதித் தர எங்கள் பகுதி விசேட கல்வி ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
விசேட கல்வி ஆசிரியை,
ஹட்டன்.