நம்மூர்ப் போர்க் கல்வெட்டு: பெயர்களைத் தேடுவோம்

உறவுகளே, வணக்கம்.

1914–1919 பெரும்போருக்கு (முதல் உலகப் போர்) நம்மூரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்ற கணக்கு மட்டுமே கல்வெட்டில் இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. மனசு பொறுக்கவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில், போரில் இறந்த வீரர்களின் பெயர்களை இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா வரை இருக்கும். ஊர்ப்பெயரை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் போடுங்கள்; செங்கல்பட்டு என்றால் ‘Chingleput’. மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி (காலாட்படை) பிரிவுகளை முதலில் பாருங்கள். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த பலர் பாஸ்ரா நினைவிடப் பட்டியலில் வருவார்கள்.

வீட்டில் பழைய மெடல் இருக்கிறதா? விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். அப்படியே படமெடுத்து அனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.