ஏற்றுமதிக் கோப்பை இன்றிரவே திருத்துங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நேற்று மண்டபம் ஊரிலிருந்து இணைந்த தம்பி ஒருவர், நாம் பயிற்சி எடுக்கும் மெயின்பிரேம் என்ற பெருங்கணினியில் மற்றொருவரின் கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் கணினியின் இயங்குதளம் இசட்/ஓஎஸ்; அதன் கோப்புகளை வலைப்பின்னல் வழியே மற்றக் கணினிகளுக்குத் தருவது என்எஃப்எஸ் சர்வர். எந்த அடைவை (கோப்புகள் இருக்கும் இடத்தை) யாருக்குத் திறந்துவிடலாம் என்று சொல்லும் அதன் ஏற்றுமதிக் கோப்பில் அந்த அடைவின் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் எதுவும் குறிப்பிடாமல் விட்டது நான்தான். அப்படி விட்டால் எல்லாக் கணினிகளுக்கும் படிக்கவும் எழுதவும் உரிமை கிடைத்துவிடும்.

படிக்க மட்டும் என்றால் '-ஆர்ஓ' சேருங்கள். '-ஆர்டபிள்யூ=' போட்டுக் கணினிப் பெயர்களை எழுதினால் அவை மட்டுமே எழுத முடியும்; ஆனால் மற்றவர்கள் படிப்பதை அது தடுக்காது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறோம். வெளியார் எட்டிப் பார்க்கவே கூடாது என்றால் '-அக்சஸ்=' வேண்டும். பெயர்களுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள்; பிரிப்புக் குறி எதுவென்று உங்கள் பதிப்பின் கையேட்டில் பாருங்கள்.

அடுத்து, சர்வர் முழுமைக்குமான தள அமைப்பிலுள்ள 'செக்யூரிட்டி', அதாவது அனுமதியை எப்படிச் சரிபார்ப்பது என்ற அமைப்பு. அதற்கு நான்கு மதிப்புகள்: நன், சாஃப், எக்ஸ்போர்ட்ஸ், சாஃப்எக்ஸ்ப். கடைசியைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். அது ஏற்றுமதிக் கோப்பிலுள்ள பட்டியலையும் பார்க்கும், பயனருக்கு உரிமை உண்டா என்று ராக்எஃப் போன்ற மெயின்பிரேம் பாதுகாப்பு மென்பொருளிடமும் கேட்கும். 'எக்ஸ்போர்ட்ஸ்' மட்டும் இருந்தால், வந்திருப்பது நம் கணினியா என்று பார்க்கும்; அமர்ந்திருப்பவர் யாரென்று ராக்எஃபிடம் கேட்காது. சாஃப்எக்ஸ்ப் வைத்தபின், நம் கணினியிலிருந்து 'எம்விஎஸ்லாகின்' கட்டளையால் மெயின்பிரேம் பயனர் பெயரைக் காட்டியே நுழைய வேண்டும்.

பட்டியலைத் திருத்தினால், சர்வர் அதை மறுபடி படிக்க மெயின்பிரேமின் மாடிஃபை கட்டளையில் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கொடுங்கள், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழக்கரையில் என் வீட்டில் சேர்ந்து சரிபார்ப்போம். தொண்டியிலிருந்து வருபவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.