வாசனைக்கு பயந்தோம், தூசியை விட்டுட்டோம்

ஆசிரியருக்கு வணக்கம்,

பொங்கலுக்கு முன்னாடி உங்க பேப்பர்ல வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க டிப்ஸ் போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா எந்த கலர் எத்தனை கோட்டுன்னு எல்லாம் சொன்னவங்க பழைய பெயிண்ட்ல உடம்புக்கு ஆகாத ஈயம் இருக்கலாமே, அதை சுரண்டுறதைப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே, அதான் இந்த லெட்டர்.

எங்க வீடு 1980கள்ல கட்டினது. ஜன்னல் கம்பியில எனாமல் கோட்டு மேல கோட்டா ஏறி, பேர்ந்த இடத்துல பார்த்தா மேல காப்பி கலர், அதுக்குள்ள நீலம், அடியில பச்சை. பெயிண்டர் உப்புத்தாளை வெச்சு ரெண்டு நாள் காஞ்சபடியே தேய்ச்சாரு. ஜன்னல் திட்டுல கோலமாவு கொட்டின மாதிரி தூசி. ரெண்டு வயசு பேரன் அதுல விரலால கோடு போட்டு விளையாடிட்டு அதே விரலை வாயில வெச்சான், யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாவது நாள் புது டின்னை திறந்ததும் "ஐயையோ வாசனை, கொழந்தைக்கு ஆகாது"ன்னு அவனை சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டோம்!

வாசனை நல்லதுன்னு சொல்லல. எனாமல்ல இருக்கற டர்பன்டைன் வகையறா மேலாக்க இருக்கற வரைக்கும் சட்டுனு பறந்துரும், அப்புறம் பால் ஆடை மாதிரி மேல ஒண்ணு படிஞ்சுரும், உள்ள மாட்டினது அதுக்குள்ள ஊர்ந்துதான் வெளிய வரணும், அதனாலதான் கையில ஒட்டாத பெயிண்ட் கூட நாள் கணக்கா நாறுது, ரூமை பூட்டிட்டு வந்து திறந்தா திரும்ப குப்புனு அடிக்குது. (பக்கெட் தண்ணியில வெங்காயம் வெட்டி வைக்கச் சொன்னாங்க, வெச்சோம், வெங்காய வாசனையும் சேர்ந்துச்சு.) ஜன்னலை திறந்து போட்டா அது போயிரும்.

ஈயம் அப்படி பறக்காது. அந்தக் கால மஞ்சள் பெயிண்ட்ல லெட் குரோமேட்னு ஈயம் சேர்ந்த மஞ்சள் பொடி உண்டு, அதோட நீலத்தை கலந்து பச்சையும் பண்ணினாங்க, இரும்புக்கு அடி கோட்டா சிவப்பு ஈயமும் அடிப்பாங்க. 40 வருஷம் ஆனாலும் உள்ளேயே கெடக்கும், வெயில்ல பெயிண்ட் மாவா உதிரும்போதோ கதவு சட்டத்துல உரசும்போதோ நாம தேய்க்கும்போதோ தூசியா வெளிய வரும். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல கூடாதுன்னு 2016ல ரூல் போட்டாங்க, 2017 நவம்பர்ல அமலுக்கும் வந்துச்சு, ஆனா அது புது டின்னுக்குத்தான், கம்பியில ஏற்கனவே இருக்கறதை என்ன பண்றது? வயித்துக்குள்ள போற ஈயத்தை சின்னப் பிள்ளைங்க உடம்பு பெரியவங்களை விட 4, 5 மடங்கு இழுத்துக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

எங்க பச்சையில இருந்துச்சான்னு தெரியாது, பேரனுக்கு ரத்த டெஸ்ட் குடுத்திருக்கோம். அடுத்த தடவை டிப்ஸ் போட்டா வாட்டர் பேப்பரை தண்ணியில நனைச்சு தேய்க்கணும், தூசியை விளக்குமாத்துல கூட்டாம ஈரத்துணியில தொடைக்கணும், பிள்ளைங்க அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு சேர்த்து போடுங்க. பெயிண்டருக்கும் சேர்த்துதான் சொல்றேன், அந்தத் தம்பி மூக்குல ஒரு கர்ச்சீப் கூட கட்டல, அவருக்கும் கைக்குழந்தை இருக்கு, சாயங்காலம் அதே சட்டையோடதான் போய் தூக்குவாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்