சோளகக் காலம்: ஏசி பில்டர் கவனம்

உறவுகளே, சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கிவிட்டது. செம்மண் புழுதி ஏசி பில்டரில்தான் போய் அடையும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழற்றிக் கழுவுங்கள். சுவர் ஏசியில் உள்ள வலை கழுவிப் பாவிப்பதற்கே, கிழிந்தால் மட்டும் அதே மொடலுக்குரியதை வாங்குங்கள். முதலில் பிரேக்கரை நிறுத்துங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் சட்டம் வளையும். சவர்த் தண்ணீர் வீடுகளில் கடைசியாக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

'மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, மெர்வ் 13 வாங்கு' என்று கனடாவிலிருந்து வந்த செய்தி, அங்கு வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் மெஷினின் பில்டருக்குத்தான். மெர்வ் என்பது பில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் எண். அங்கேயும் சும்மா பெரிய எண் வாங்கக் கூடாது: நுண்தூசி பில்டரில் பிடிபடும், ஆனால் மெஷின் தாங்காவிட்டால் காற்றோட்டம் குறையும்.