மாற்றியமைக்கும் பிக்கப் வண்டிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாழங்குடா கடற்கரையில் மீன் ஏற்றும் எங்களைப் போன்றவர்கள், விலை குறைந்த சாதாரண பிக்கப்பை வாங்கிப் பட்டறையில் மாற்றிக்கொள்வதா, நான்கு சக்கர இயக்கத்துடன் நிறுவனமே தரும் வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்குவதா என்று குழம்புகிறோம். நான் முதல் வழியைத் தேர்ந்து, பெரிய டயரும், பாரம் தாங்கக் கூடுதல் வில்பட்டையும் போட்டேன். ஆயினும் மழை ஓய்ந்த ஒரு விடியலில், பனிக்கட்டிப் பெட்டிகளோடு பின்சக்கரம் அச்சுவரை மணலில் புதைந்து, டிராக்டர் வந்து இழுக்கும்வரை மீன் வெயிலில் கிடந்தது. உயரமான டயர் மணலில் உதவவில்லை. முன்சக்கரத்துக்கும் விசை செல்வதும், வேகம் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரும், டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவதுமே உதவும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முதல் இரண்டையும் பின்னர் பொருத்துவது எளிதன்று.

மேலும், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் நிறுவனத்தின் வரையறையிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பட்டறைக்காரர் எவரும் இதைச் சொல்வதில்லை. தகுதிச் சான்றுக்குப் போகும்போதுதான் தெரிகிறது. தார்ச்சாலையில் மட்டும் பண்ருட்டிப் பலாவை ஏற்றுவோருக்குச் சாதாரண வண்டியே போதும் என்பதையும் மறுக்கவில்லை.

எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தமிழில் எழுதி வாசலில் வைக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தாழங்குடா, கடலூர்.