'ஏதாவது ஒரு பி.எஸ்சி.'

ஆசிரியருக்கு வணக்கம்.

நீட் முடிவு வந்ததும், "சீட் கிடைக்கலையா, சரி, ஏதாவது ஒரு பி.எஸ்சி.யில சேரு" என்பார்கள். அந்த 'ஏதாவது ஒன்றை'ப் படித்தவள் நான். ஊர்ப்பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. விலங்கியல் வகுப்பில் 18 பேர்.

ஆள் குறைவாக இருந்ததில் ஒரு லாபம் உண்டு. வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, ஸ்லைடில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, செல் பிரிவதைப் பார்க்க வேண்டும். நான்கு முறை சொதப்பினேன். மேடம் நகரவே இல்லை, பக்கத்திலேயே நின்றார். ஐந்தாவது தடவை குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் விலகிப் போவது தெரிந்தது. நூறு பேர் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா?

குறையையும் சொல்ல வேண்டும். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்தோம். விலங்குகளை அறுத்துப் படிப்பதற்கு யு.ஜி.சி. 2014-ல் தடை போட்டது. நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது ஒரு சுவர்ப்படம், அதுவும் ஓரம் கிழிந்தது.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம் இளநிலை ஆய்வகங்களுக்கு நிதி தருகிறது. அறிவியல் அகாடமிகள் கோடையில் இரண்டு மாத ஆய்வுப் பயிற்சிக்கு உதவித்தொகை தருகின்றன. இரண்டையும் நான் கேள்விப்பட்டதே எம்.எஸ்சி. சேர்ந்த பிறகுதான். எங்கள் அறிவிப்புப் பலகையில் கட்டணத்துக்கான கடைசித் தேதி மட்டும் தவறாமல் இருக்கும்.

பல்கலைக்கழகங்கள் சனிக்கிழமைகளிலாவது தங்கள் ஆய்வகத்தைச் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமே?

- முன்னாள் மாணவி, தென்காசி மாவட்டம்